மூன்று நாள் கணக்கு

பாடசாலையின் வருகைப் பதிவேடு ஒரு விசித்திரமான புஸ்தகம். தினந்தோறும் காலையில் அதைத் திறந்து, பெயர் வாசித்து, குறி போடுகிறவர்கள் அனேகர். அதைப் படித்துப் பார்ப்பவர்கள் மிகச் சொற்பம். நானும் பதினெட்டு வருஷமாகக் குறி போட்டவள்தான்; படித்துப் பார்த்தவள் அல்ல. இப்போதெல்லாம் கைப்பேசியிலும் வருகையைப் பதிய வேண்டியிருக்கிறது. ஆனாலும் அந்தப் பழைய நீளப் புஸ்தகத்தை நான் விட்டுவிடவில்லை. சென்ற கார்த்திகையில் ஒரு நாள் மாலை மழை பிடித்துக்கொண்டது. கையில் குடை இல்லை. படிப்பதற்கு வேறொன்றும் இல்லை. ஒன்பதாம் வகுப்புப் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டிக்கொண்டிருந்தேன்.

வகுப்பில் 38 பெண்கள். அவர்களில் ஒன்பது பேருக்கு மாதந்தோறும் ஒரே வரிசையாக மூன்று நாள் குறி விழவில்லை. ஜூன் மாதத்தில் இருபதாம் தேதி வாக்கில் விழுந்த மூன்று சுழி, ஜூலையில் பதினெட்டுக்கு வந்து, ஆகஸ்டில் பதினைந்துக்கு நகர்ந்திருந்தது. பௌர்ணமி நகர்வதுபோல் நகர்ந்துகொண்டே வந்த அந்தச் சுழிகளைக் கண்டதும் எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வெட்கமாக இருந்தது. நானும் ஒரு பெண். இந்தக் கணக்கு எனக்குப் புரியப் பதினெட்டு வருஷமும் ஒரு மழையும் வேண்டியிருந்ததே!

உடனே விடுமுறைக் கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். காய்ச்சல், தலைவலி, உறவினர் வீட்டுக் கல்யாணம். ஒரு பெண்ணின் தகப்பனார் மட்டும் காரணத்தை மாற்றுவதற்குச் சிரமப்படாதவர். "பாட்டிக்கு உடல்நலம் இல்லாத காரணத்தால்" என்று ஆறு மாதத்தில் ஐந்து கடிதம் எழுதியிருந்தார். அந்தப் பாட்டியைப் பின்னால் நான் நேரிலே தரிசித்தேன். எழுபது வயதிலும் முறத்தைக் கையில் ஏந்தி உளுந்து புடைத்துக்கொண்டிருந்த அந்த அம்மாளின் தேக திடம் எனக்கு வாய்க்குமா என்பது சந்தேகம்.

இந்தப் பகுதியில் இதுவரை கையெழுத்து, மதியச் சாப்பாட்டுப் பாத்திரம், பரீட்சைப் பயம் என்று எத்தனையோ விஷயங்களைப் பேசியாயிற்று. இந்த வாரத்து விஷயம் என்னவென்று தெரிந்ததும், சில வீடுகளில் இந்தப் பக்கத்தை மடித்து அலமாரியில் செருகிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். நேயர்களே, அப்படிச் செய்ய வேண்டாம். முக்கியமாக வீட்டிலுள்ள ஆண்மக்கள் படிக்கட்டும். விடுமுறைக் கடிதம் எழுதுகிறவர்கள் அவர்கள்தாமே!

பாட்டிக்கு ஐந்து முறை நோய் வரவழைத்த அந்தப் பெண் அடுத்த வாரமே காலைப் பிரார்த்தனையின்போது மயங்கி விழுந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்துத் தூக்கி உட்கார வைத்தோம். "காலையில் சாப்பிடவில்லையா?" என்று கேட்டேன். சாப்பிட்டாளாம். கண்ணிமையின் கீழ்ப்புறத்தை இழுத்துப் பார்த்தால், செம்பருத்தி நிறத்தில் இருக்க வேண்டிய இடம் வெளுத்த காகிதமாயிருந்தது. தனியே அழைத்து மெல்ல விசாரித்தேன். ஒவ்வொரு மாதமும் ஒன்பது, பத்து நாள். முதல் நான்கு நாள் துணி தாங்குவதில்லை. இரவில் இரண்டு முறை எழுந்து மாற்ற வேண்டும். "அம்மாவிடம் சொன்னாயா?" என்றேன். "அம்மாவுக்கும் அப்படித்தான், டீச்சர். அதெல்லாம் நம்ம குடும்பத்து வாகு என்றார்கள்" என்றாள்.

அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். வீட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு கீற்றுச் சார்ப்பு; அதிலே ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு தட்டு, ஒரு தம்ளர். மழையில் கீற்று ஒழுகிக்கொண்டிருந்தது.

"இது யாருக்கு, அப்பாயி?" என்று பாட்டியைக் கேட்டேன்.

"பாப்பா தூரமானா இங்கேதான் படுக்கும், டீச்சரம்மா. ராத்திரிக்குத் துணையா அவ அம்மாவும் வந்து படுப்பா. நாங்க எல்லாரும் அப்படி இருந்தவங்கதானே!" என்றாள் அந்த அம்மாள், சற்றும் தயக்கமின்றி.

'தூரம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். நம்முடைய பாஷையில் இந்த ஒரு விஷயத்துக்கு எத்தனை பெயர்கள்! தூரம், விலக்கு, தீட்டு, வீட்டுக்கு வெளியே, ஆத்தில் இல்லை. எல்லாம் இடத்தைச் சொல்லும் பெயர்கள். உடம்பைச் சொல்வது ஒன்றுமில்லை. அவள் எங்கே இருக்கிறாள் என்பதுதான் பிறருக்கு வேண்டியிருந்தது. எப்படி இருக்கிறாள் என்பதை யாரும் கேட்கவில்லை. மராட்டியர் வீடுகளிலே குழந்தைகள் கேட்டால் "காக்கை தொட்டுவிட்டது" என்று சொல்லிச் சமாளிப்பது வழக்கம். கருவுற்றவளை நாம் 'முழுகாமல் இருக்கிறாள்' என்கிறோமே, அதுவும் இந்த வழியில் வந்ததுதான்: மாதந்தோறும் விலக்கு முடிந்து தலை முழுகும் நாள் இந்த மாதம் வரவில்லை என்பது பொருள். மங்களமான சமாசாரத்தைக்கூட விலக்கின் கணக்கைக் கொண்டுதான் நம் முன்னோர் சொல்லியிருக்கிறார்கள்.

வழக்கம் பழையதுதான், இல்லையென்று சொல்ல நான் வரவில்லை. புறநானூற்றின் 299-ம் பாட்டிலே பொன்முடியார் ஒரு உவமை வைக்கிறார். பருத்தி வேலி சூழ்ந்த சிறிய ஊரின் தலைவனுடைய குதிரை, உளுந்துச் சக்கையைத் தின்று தளர்ந்த நடையுடையது. பகை மன்னர்களின் குதிரைகளோ நெய் கலந்த கவளம் உண்டு கொழுத்தவை. ஆனால் போர்க்களத்தில் முன்னது கடலைப் பிளக்கும் தோணிபோல் பாய்கிறது. பின்னவை, முருகன் கோட்டத்தில் பாத்திரங்களைத் தொடாமல் ஒதுங்கி நிற்கும் மகளிரைப் போல் ஒடுங்கி நிற்கின்றன. ஈராயிரம் வருஷத்துக்கு முன்னரே அந்த மகளிர் ஒதுங்கித்தான் நின்றார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். எனக்கென்னவோ அந்தப் பாட்டைப் படிக்கும்போதெல்லாம் உளுந்தின் மேல்தான் கண் போகிறது. பாட்டிலே உளுந்து தின்று பாய்ந்தது குதிரை. நம் வீடுகளில் பெண் பெரியவளானால் உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கருப்பட்டியும் கொடுத்துப் போஷிக்கிறோம். எல்லாம் நல்ல பதார்த்தங்கள்தாம். ஆனால் சடங்கு முடிந்த பதினாறாம் நாளோடு அந்தப் போஷணை நின்றுவிடுகிறது. ஒதுக்கம் மட்டும் முப்பத்தைந்து வருஷம் தொடர்கிறது.

தொட்டால் பூ வாடும், ஊறுகாய் கெடும், துளசி பட்டுப்போகும் என்பதெல்லாம் நம் நாட்டுக்கே உரிய நம்பிக்கைகள் என்று எண்ணிவிடக் கூடாது. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த பிளினி என்னும் அறிஞர், விலக்கான பெண் நெருங்கினால் புதிய திராட்சை ரசம் புளித்துவிடும், பயிர் மலடாகும், கண்ணாடி மங்கும், கத்தியின் கூர் மழுங்கும் என்று தம்முடைய பெரிய நூலில் எழுதி வைத்தார். அதை விடுங்கள், அவர் பழங்காலத்தவர். வியன்னா நகரத்து வைத்தியரான பேலா ஷிக் சாமானியர் அல்லர். தொண்டை அடைப்பான் நோய்க்கு அவர் கண்டுபிடித்த சோதனை அவர் பெயராலேயே உலகமெங்கும் வழங்கியது. அப்பேர்ப்பட்டவர் 1920-ம் வருஷத்தில், தம் பணிப்பெண் அந்த நாட்களில் தொட்ட ரோஜா மலர்கள் மறுநாளே வாடிவிட்டன என்று கண்டு, அவள் உடம்பிலிருந்து ஒருவித விஷம் வெளிப்படுகிறது என்று பிரசுரித்தார். அந்த விஷத்துக்கு 'மெனோடாக்ஸின்' என்று நாமகரணமும் ஆயிற்று. அதைத் தேடிப் பல வருஷங்கள் பல ஆராய்ச்சியாளர்கள் பாடுபட்டார்கள். விஷம் அகப்படவில்லை, ஏனென்றால் அப்படி ஒன்று இல்லை.

நானும் என் பதினாறாம் வயதில் ஓர் ஆராய்ச்சி செய்திருக்கிறேன். என் தாயார் வருஷம் தவறாமல் மாவடு போடுவார்கள். அந்த ஜாடிப் பக்கம் அந்த நாட்களில் நிழல்கூட விழக் கூடாது. ஒரு பங்குனியில், வீட்டில் எல்லாரும் கோயிலுக்குப் போயிருந்த சமயம், இரண்டாம் நாள் அன்று, ஜாடியைத் திறந்து கையை மணிக்கட்டு வரையில் விட்டுக் கலக்கிவிட்டு மூடினேன். கையை நன்றாகக் கழுவித் துடைத்துக்கொண்டுதான் விட்டேன். சாஸ்திரீய ஆராய்ச்சிக்குச் சுத்தம் முக்கியமல்லவா? பிறகு ஆறு மாதம் நான் பட்ட பயம் எனக்குத்தான் தெரியும். ஐப்பசி வரையில் அந்த மாவடு கெடவில்லை. "இந்த வருஷத்து வடு அமிர்தம்" என்று என் தாயார் அண்டை வீட்டுக்கெல்லாம் கொடுத்தார்கள். இன்றுவரை அவர்களிடம் நான் அதைச் சொல்லவில்லை. இந்தப் பக்கத்தை அவர்கள் படிப்பார்கள்; இனிமேல் தெரிந்துகொள்ளட்டும்.

நிற்க. கணக்குக்கு வருவோம்.

கருப்பை ஒவ்வொரு மாதமும், ஒரு கரு வந்து தங்கக்கூடும் என்று தன் உட்புறத்தில் ஒரு மெல்லிய படலத்தை வளர்த்து வைக்கிறது. கரு தங்காதபோது அந்தப் படலம் உதிர்ந்து இரத்தத்தோடு வெளியேறுகிறது. அவ்வளவுதான் விஷயம். அழுக்கு இரத்தமும் அல்ல, கெட்ட இரத்தமும் அல்ல. கையை அறுத்தால் எந்த இரத்தம் வருமோ அதே இரத்தம். வளர்ந்த பெண்களுக்கு 21 நாளிலிருந்து 35 நாளுக்குள் ஒரு முறை வருவதும், இரண்டிலிருந்து ஏழு நாள் வரை இருப்பதும் இயற்கை. பருவமெய்திய புதிதில் இரண்டொரு வருஷம் 45 நாள் வரை தள்ளிப் போவதுண்டு. அதற்காகக் கலங்க வேண்டியதில்லை. பதினைந்து வயதாகியும் வராவிட்டால் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

ஒரு மாதத்தில் வெளியேறும் இரத்தம் சாதாரணமாக 30, 40 மில்லிலிட்டர். பாலாடையில் இரண்டு மூன்று தடவை மொண்டால் தீர்ந்துவிடும் அளவு. 80 மில்லிலிட்டருக்கு மேற்பட்டால் அதிகம் என்று வைத்தியர்கள் சொல்வார்கள். ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்புச் சத்து இருக்கிறது. எனவே சாதாரணப் பெண்ணுக்கு மாதம் 20 மில்லிகிராம் செலவு. அதிகம் போகிறவளுக்கு 40-க்கு மேல். இது தவிர, ஆண் பெண் யாராயிருந்தாலும் தோல் வழியாகவும் குடல் வழியாகவும் தினம் ஒரு மில்லிகிராம் கழிந்துகொண்டே இருக்கிறது. வரவு என்ன? எவ்வளவு சாப்பிட்டாலும் உணவிலிருந்து உடம்பு எடுத்துக்கொள்வது நாளொன்றுக்கு ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம்தான். மாதம் 40 போகிறவளுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவாகக் கூடுதல் செலவாகிறது. பழைய ஒன்றையும் சேர்த்தால் வரவை மிஞ்சிவிடுகிறது. ஆகவே முதலைத் தின்ன வேண்டியதுதான். மளிகைக் கடைக்காரர் எவரும் இப்படி ஒரு கடையை ஆறு மாதம் நடத்த மாட்டார். நம் பெண்களோ பத்து வருஷம், இருபது வருஷம் நடத்துகிறார்கள். களைப்பைச் சோம்பல் என்று பிறர் சொல்லக் கேட்டுக்கொண்டே நடத்துகிறார்கள்.

2019 முதல் 2021 வரையில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 வயதிலிருந்து 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. பதினைந்திலிருந்து பத்தொன்பது வயதுப் பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 59. என் வகுப்பின் 38 பேரில் இருபதுக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவர்களுக்காகத்தான் சர்க்கார் பாடசாலைகளில் வாரம் ஒரு முறை நீல நிறத்தில் ஒரு மாத்திரை கொடுக்கிறோம். அதில் 60 மில்லிகிராம் இரும்புச் சத்தும் கொஞ்சம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பூச்சி மாத்திரையும் உண்டு. கொக்கிப்புழு குடலில் இருந்துகொண்டு இரத்தம் குடிக்கும்போது, மேலே எவ்வளவு ஊற்றினாலும் ஓட்டைப் பானைதான். நீல மாத்திரை எங்கே போகிறது என்பதை நான் மழைக்கு மறுநாள் கண்டேன். குழாயடிச் சாக்கடையில் நீல நிறம் கரைந்துகொண்டிருந்தது. விசாரித்ததில், வயிற்றைப் புரட்டுகிறது என்றார்கள் சிலர். மலம் கறுத்துப்போகிறது என்று பயந்தவர்கள் சிலர். அதைத் தின்றால் பிற்காலத்தில் குழந்தை பிறக்காதாம் என்று அத்தை சொன்னதாக ஒருத்தி சொன்னாள். மலம் கறுப்பது இரும்பின் நிறம், பயப்பட ஒன்றுமில்லை. குழந்தை பற்றிய பேச்சு முழுப் பொய். வெறும் வயிற்றில் தின்னாமல் மதியச் சாப்பாட்டுக்குப் பின் தின்ற பெண்களுக்குப் புரட்டல் குறைந்தது. கூடவே ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சம்பழச் சாறோ சேர்ந்தால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். தேயிலைத் தண்ணீரும் காப்பியும் அதைத் தடுக்கும். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது போகட்டும்.

அந்தப் பெண்ணை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனோம். ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டிய இடத்தில் 8.1 இருந்தது. 8-க்குக் கீழே போனால் கடுமையான சோகை என்று பெயர். டாக்டரம்மாள் தினசரி இரும்பு மாத்திரையும், போக்கைக் குறைக்க மருந்தும் எழுதிக் கொடுத்து, இரத்தம் உறையும் தன்மைக்கு ஒரு சோதனைக்கும் ஜில்லா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பருவமெய்திய நாளிலிருந்தே அதிகம் போகிற பெண்களில் சிலருக்கு இரத்தம் உறைவதிலேயே பிறவிக் குறை இருக்குமாம். 'குடும்பத்து வாகு' என்று சொல்லும் வீடுகளில் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டுமாம். ஏழு நாளுக்கு மேல் போனாலும், மணிக்கு ஒரு முறை துணி மாற்ற நேர்ந்தாலும், பெரிய கட்டிகளாக விழுந்தாலும், வலியினால் எழுந்து நடமாட முடியாமற் போனாலும், 'பெண்ணாய்ப் பிறந்தால் அப்படித்தான்' என்று சொல்லிப் படுக்க வைக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

தாயார் கதை வேறு. அவருக்கு மூன்று வருஷமாக அதே தொல்லை. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் முதல் நாளே, "கர்ப்பப்பையை எடுத்துவிடுங்கள், இனிமேல் அது எதற்கு?" என்று சொல்லிவிட்டார்களாம். நாத்தனாரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார் என்று அவரும் பணம் சேர்க்கத் தொடங்கியிருந்தார். மராட்டிய மாநிலத்துப் பீட் ஜில்லாவில் கரும்பு வெட்டும் பெண்களைப் பற்றி 2019-ம் வருஷம் சர்க்கார் குழு விசாரித்தபோது, கணக்கெடுத்த 82 ஆயிரத்துச் சொச்சம் பெண்களில் 13 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கருப்பை எடுக்கப்பட்டவர்கள் என்று தெரிந்தது. வேலைக்கு வராத நாளுக்குக் கூலி பிடித்தம். மாதவிடாயே இல்லாவிட்டால் பிடித்தமும் இல்லை. படித்தபோது இரவெல்லாம் எனக்குத் தூக்கமில்லை. சில சமயம் அந்தச் சிகிச்சை அவசியந்தான். ஆனால் அதற்கு முன்னே மாத்திரைகள் இருக்கின்றன. கருப்பைக்குள்ளே பொருத்தி வைக்கும் மருந்துச் சாதனம் இருக்கிறது. முதலில் ஸ்கேன் எடுத்து, கட்டி இருக்கிறதா, வேறென்ன காரணம் என்று பார்த்தாக வேண்டும். சூலகங்களையும் சேர்த்துச் சின்ன வயதில் எடுத்துவிட்டால் எலும்பு முன்கூட்டியே பலமிழக்கும். இன்னொரு வைத்தியரைக் கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டாம் என்று மட்டும் அந்த அம்மாளிடம் சொல்லி வந்தேன். இதற்கு நேர்மாறான விஷயமும் ஒன்று: மாதவிடாய் அறவே நின்று ஒரு வருஷம் ஆன பிறகு ஒரு துளி பட்டாலும், அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும். அங்கே தாமதம் கூடாது.

கீற்றுச் சார்ப்பு விஷயம் பாக்கியிருக்கிறது. 2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி அதிகாலையில் கஜாப் புயல் வேதாரண்யம் பக்கத்தில் கரையேறியது. எங்கள் பிரதேசத்தில் தென்னை நின்ற இடமெல்லாம் வானம் தெரிந்தது. பட்டுக்கோட்டைக்கு அருகே ஒரு கிராமத்தில், பருவமெய்திச் சில நாளே ஆன சிறுமி ஒருத்தியை வழக்கப்படி தனிக் குடிசையில் படுக்க வைத்திருந்தார்கள். அவ்வளவு பெரிய புயல் வருகிறது என்று தெரிந்தும் அவளை வீட்டுக்குள் அழைக்கவில்லை. தென்னை மரம் குடிசையின்மேல் விழுந்தது. அந்தக் குழந்தை இறந்துபோனாள். பெற்றவர்களை நான் குறை கூறமாட்டேன். பெற்றவர்களுக்கு அவளிடம் அன்பில்லாமலா? நடக்கவிருந்த சடங்குக்குப் புடவைகூட எடுத்திருப்பார்களே.

மதுரை ஜில்லாவில் தே.கல்லுப்பட்டிப் பக்கத்துச் சில கிராமங்களில் ஊருக்குப் பொதுவாகவே 'முட்டுத்துறை' என்று ஒரு கட்டிடம் இருப்பதையும், விலக்கான பெண்கள் அங்கே போய்த் தங்குவதையும் 2020-ம் வருஷத்திலே பத்திரிகைகள் எழுதின. நேபாளத்தில் மாட்டுக் கொட்டகையில் தங்க வைக்கும் வழக்கத்தை 2005-ல் நீதிமன்றம் தடுத்தது. 2017-ல் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகவே சட்டம் செய்தார்கள்.

"அந்த மூன்று நாளாவது பெண்ணுக்கு ஓய்வு கிடைத்ததே, அதையும் கெடுத்துவிட்டீர்களே" என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. அப்பாயியும் அதைத்தான் சொன்னாள். இந்த வாதத்தை நான் அலட்சியம் செய்வதில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து இரவு பத்து மணிக்குப் படுக்கும் பெண்ணுக்கு, மாதத்தில் மூன்று நாள் அடுப்படியிலிருந்து விடுதலை என்பது சிறு காரியமல்ல. ஜப்பானில் 1947-ம் வருஷத்துத் தொழிலாளர் சட்டம் இதற்கு விடுப்புக் கொடுத்தது. நம் நாட்டிலே பீகார் சர்க்கார் 1992-லேயே தம் பெண் ஊழியர்களுக்கு மாதம் இரண்டு நாள் கொடுத்தார்கள். ஓய்வு வேண்டியதுதான். கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே படுத்தும் ஓய்வெடுக்கலாம் என்பதுதான் என் கட்சி. "ஓய்வுதான் நோக்கமென்றால், பாப்பா அங்கே மழையில் எழுந்து எழுந்து கீற்றை நகர்த்திக்கொண்டு கிடப்பானேன், அப்பாயி?" என்று கேட்டேன். அந்த அம்மாள் பதில் சொல்லவில்லை, முறத்தைத் தட்டினாள்.

இனிப் பாடசாலையின் குற்றத்தைச் சொல்லாமல் வீட்டின் குற்றத்தை மட்டும் சொல்வது நியாயமல்ல. அந்த ஒன்பது பெண்களையும் ஒவ்வொருத்தியாகக் கேட்டேன். வீட்டில் விடமாட்டேன் என்கிறார்கள் என்று சொன்னவர்கள் இரண்டே பேர். வலி என்றவர்கள் இரண்டு பேர். மற்ற ஐவரும் தலையைக் குனிந்துகொண்டு சொன்ன காரணம் ஒன்றுதான்: பாடசாலைக் கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை! ஐந்து அறைகளில் மூன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒன்றில் தண்ணீர் வராது. உபயோகித்ததைப் போட ஒரு கூடை எங்குமே இல்லை. தோழி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆகவே காலை ஒன்பதிலிருந்து மாலை நாலரை வரை மாற்றாமல் இருப்பதைவிட வீட்டிலே இருப்பது மேல் என்று முடிவு செய்திருக்கிறார்கள். இவர்களுக்குத்தான் நான் சுகாதாரப் பாடம் நடத்தியிருக்கிறேன். ஆறு மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன்.

பஞ்சு அணைகளைப் பற்றி நம் நாட்டில் பேச்சு நன்றாகவே நடந்திருக்கிறது. கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம், தம் மனைவி கந்தைத் துணியை மறைத்து எடுத்துப் போவதைக் கண்டு, மலிவான அணை செய்யும் சிறு இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். 2016-ல் பத்மஸ்ரீ பெற்றார். அணைகளின்மேல் போட்டிருந்த 12 சதவீத வரியும் 2018 ஜூலையில் நீங்கியது. எங்கள் பெண்களுக்கு இலவசமாகவே கிடைக்கிறது. துணியும் மோசமல்ல: சோப்புப் போட்டு அலசி, நல்ல வெயிலில் காயவைத்த பருத்தித் துணியில் தோஷமில்லை. நாம்தான் அதை வெயிலில் போடுவதில்லை. புடவைக்கு அடியிலும் குளியலறை மூலையிலும் ஒளித்து, ஈரம் போகாமல் மறுபடி எடுக்கிறோம். ஆனால் துணியோ அணையோ, மாற்றிக்கொள்ள ஒரு மறைவிடம் வேண்டுமே? இயந்திரம் வந்துவிட்டது, வரி போய்விட்டது, தாழ்ப்பாள் வரவில்லை.

விண்ணப்பம் எழுதிக் காத்திருக்க எனக்குப் பொறுமை இருக்கவில்லை. கடைத்தெருவில் மூன்று தாழ்ப்பாளும், மூடியுள்ள ஐந்து கூடைகளும் வாங்கினேன். ஒரு ஆசாரி அரை நாளில் மாட்டிக் கொடுத்துவிட்டுக் கூலி வாங்க மறுத்துவிட்டார். அவருக்கும் ஏழாம் வகுப்பில் ஒரு பெண் படிக்கிறாளாம். தண்ணீர்க் குழாய் மட்டும் இன்னும் சரியாகவில்லை; வாளியில் கொண்டுபோய் வைக்கிறோம். மார்கழியிலிருந்து மாசி வரையிலான பதிவேட்டைப் பார்த்தேன். ஒன்பது வரிசைகளில் ஐந்தில் சுழிகள் இல்லை. இரண்டில் மூன்று நாள் ஒரு நாளாகக் குறைந்திருக்கிறது. மற்ற இரண்டு அப்படியே இருக்கின்றன. அந்த வீடுகளுக்கு இன்னும் போகவில்லை, போக வேண்டும்.

மயங்கி விழுந்த பெண்ணுக்கு மூன்று மாத மருந்துக்குப் பின் ஹீமோகுளோபின் 10.9 ஆகியிருக்கிறது. உறையும் சோதனையில் குறை ஒன்றும் தெரியவில்லை. 12-ஐத் தொட்ட பிறகும் மூன்று மாதம் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று டாக்டரம்மாள் எச்சரித்திருக்கிறார். அவளுடைய தகப்பனார் இந்த மாதம் அனுப்பிய கடிதத்தில் பாட்டியை உயிரோடு விட்டுவிட்டார். "மாதாந்திர வயிற்று வலி காரணமாக ஒரு நாள்" என்று, எழுத்து சற்று நடுங்க எழுதியிருந்தார்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுப் பக்கம் போயிருந்தேன். சார்ப்பிலே இப்போது விறகு அடுக்கியிருக்கிறார்கள். கயிற்றுக் கட்டில் கூடத்துக்கு வந்துவிட்டது. பாட்டியின் கட்டிலுக்கு இரண்டு முழம் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். அப்பாயி உளுந்தங்களி கிளறி எனக்கும் ஒரு கிண்ணத்தில் வைத்துக் கொடுத்தாள். மாதந்தோறும் அந்த நாட்களில் பேத்திக்கு அதையே கொடுக்கிறாளாம். என் மாவடு ஆராய்ச்சியை விஸ்தாரமாகச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "உங்க வீட்டு வடு கெடாம இருந்திருக்கும், டீச்சரம்மா. எங்க வீட்டு நார்த்தங்காய் அப்படி இல்லை" என்று சொல்லி, ஜாடியை எடுத்து உயரப் பரணில் வைத்துவிட்டாள்.